மாட்டுக் கொட்டகைக் கழிவுநீரை எங்கே விடுவது? காவிரி டெல்டாவுக்கான ஓர் ஒப்பீடு

டெல்டா மாவட்டங்களில் பத்துப் பசுக்களுக்குக் கொட்டகை கட்ட முனைகிறவர், கூரைக்குத் தகரமா ஓடா என்பதற்குச் செலவிடும் யோசனையில் பாதியைக்கூடக் கழுவிவிட்ட தண்ணீர் எங்கே போகும் என்பதற்குச் செலவிடுவதில்லை. தரை போட்டு, தீவனத் தொட்டி கட்டி, மாடுகளும் வந்து இறங்கிய பிறகு, வீட்டுக் கழிவறைக்கு உறை இறக்கிய கொத்தனாரையே அழைத்துக் கேட்டால், "நாலு உறை சேத்து எறக்கிடுவோம்ண்ணே, எல்லாத்தையும் பூமி குடிச்சிடும்" என்ற விடை கிடைக்கும். அந்த விடை பட்டுக்கோட்டைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் ஒன்றுபோலப் பொருந்துமா என்று அவரும் யோசிப்பதில்லை, கேட்டவரும் யோசிப்பதில்லை.

ஐந்து முதல் இருபது மாடுகள் வரை வைத்திருப்பவர் முன்னே உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன. செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் கட்டுவது ஒன்று. சாண எரிவாயுக் கலன் அமைப்பது மற்றொன்று. வண்டலைப் படியவிட்டுத் தெளிந்ததைத் தீவன நிலத்துக்குப் பாய்ச்சுவது மூன்றாவது. கல்வாழையோ சம்போ நட்ட ஜல்லிப் படுகை வழியே விடுவது நான்காவது. இவற்றை ஒப்பிடுவதற்கு நான் வைத்துக்கொள்ளும் முதன்மையான அளவுகோல், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மண் நிறைந்து, பாசன வாய்க்காலும் வடிகாலும் ததும்பி நிற்கும் நாட்களில் அந்தத் தண்ணீர் எங்கே தங்கும் என்பதாகும். சித்திரை மாதத்தில் நான்கு வழிகளும் நன்றாகவே வேலை செய்யும். ஆகவே கோடையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பக்கத்துப் பண்ணையில் நன்றாக இருக்கிறது என்று முடிவெடுப்பதில் பயன் குறைவு.

அறுநூறு லிட்டரில் என்ன இருக்கிறது

ஒரு கலப்பினப் பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கிலோ சாணமும் 10 லிட்டர் அளவுக்குக் கோமியமும் கழிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஹோஸ் பிடித்துத் தரையையும் மாட்டையும் கழுவுகிற பண்ணையில் ஒரு மாட்டுக்கு 50 லிட்டர் தண்ணீர் என்பது மிகையான மதிப்பீடு அன்று. அப்படியானால் பத்து மாடுகளுக்கு ஒரு நாளில் 150 கிலோ சாணம், 100 லிட்டர் கோமியம், 500 லிட்டர் கழுவுநீர் ஆகியவை சேர்கின்றன. சாணத்தைத் தவிர்த்துப் பார்த்தால் மொத்தம் 600 லிட்டர்; இது ஐந்தாறு பேர் குடியிருக்கும் ஒரு வீட்டின் கழிவுநீர் அளவுதான். கொத்தனாரின் கணக்கு பிசகுவது இந்த இடத்தில்தான், ஏனெனில் அவர் லிட்டரை மட்டும் பார்க்கிறார்.

வீட்டுக் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, அதாவது அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன், பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். கொட்டகைக் கழுவுநீரில் சாணம் கலக்கக் கலக்க அந்த எண் ஆயிரங்களுக்கு ஏறிவிடுகிறது. கறவை எந்திரத்தையும் பால் கேனையும் கழுவிய நீரும் அதோடு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் பாலுக்கு மட்டும் அந்தத் தேவை லிட்டருக்கு ஒரு லட்சம் மில்லிகிராம் அளவில் இருக்கிறது. சாணம் முழுவதையும் நீரோடு அடித்துத் தள்ளும் வழக்கமுள்ள பண்ணையில், ஒரு மாட்டின் கழிவுச் சுமை பத்து மனிதர்களுடையதைவிடக் கூடுதலாகிறது. எனவே பத்து மாட்டுக் கொட்டகைக்கு ஒரு வீட்டுக்கான தொட்டியைக் கட்டுவது, நூறு பேருக்கு மேல் தங்கும் விடுதிக்கு அதைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும்

செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2470, ஐந்து பேருக்கு 1.5 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும் ஏறத்தாழ 1 மீட்டர் நீராழமும் கொண்ட தொட்டியைச் சொல்கிறது. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டல் எடுத்தால் போதும் என்ற கணக்கு, மனிதக் கழிவு அடியில் படிந்து, காற்றில்லா நிலையில் மெல்லச் செரித்துக் குறைந்துவிடும் என்பதை நம்பிப் போடப்பட்டது. சாணத்தின் போக்கு வேறு. வைக்கோலைத் தின்ற மாட்டின் குடலே செரிக்க முடியாமல் வெளியே தள்ளிய நாரை, தொட்டியிலுள்ள நுண்ணுயிரிகள் சில மாதங்களில் செரித்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த நார் மேலே மிதந்து, நாளடைவில் கெட்டியான ஆடையாகப் படர்ந்து, வெளிப்போகும் குழாயின் வாயை அடைக்கிறது. இல்லையென்றால் தொட்டியைத் தாண்டிப் போய் உறிஞ்சுகுழியின் சுவரில் பசைபோலப் பூசிக்கொண்டு மண்ணின் துளைகளை மூடிவிடுகிறது. பினாயில், பிளீச்சிங் பவுடர், கறவை எந்திரத்துக்கான காரமும் அமிலமும், மடிநோய்க்குப் போட்ட மருந்தின் மிச்சம் என்று நுண்ணுயிரிகளைக் கொல்லக்கூடிய எல்லாமும் இதே குழாய் வழியேதான் வருகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொட்டியைப் பெரிதாகக் கட்டி, முன்னால் வலை வைத்து, இந்தக் குறைகளில் பலவற்றைச் சரிக்கட்டிவிடலாம். மண்ணை அப்படிச் சரிக்கட்ட முடியாது. காவிரியும் வெண்ணாறும் பாயும் பழைய டெல்டாவின் பெரும்பகுதியில் இருப்பது களத்தூர், ஆலத்தூர், ஆடனூர் என்று மண் ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கும் வண்டல் மண் வகைகள். அவற்றுள் களத்தூர் வகை கனமான களிமண். கோடையில் அது வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புக்குள் ஒரு குடம் நீரை ஊற்றினால் நிமிடத்தில் காணாமல் போகும். பார்ப்பவர் மண் நன்றாக உறிஞ்சுகிறது என்று நினைத்துக்கொள்வார். நீர் மண்ணுக்குள் ஊறவே இல்லை, வெடிப்பு வழியே வடிகட்டப்படாமல் நேராகக் கீழே இறங்கியிருக்கிறது. ஆடிப் பெருக்குக்குப் பிறகு நடவுக்குத் தண்ணீர் கட்டியதும் அதே மண் ஊதி, வெடிப்பு மூடி, குடம் நீரை நாள் முழுக்க வைத்திருக்கும்.

உறிஞ்சும் திறனைச் சோதிக்கும் முறை எளிதானது. குழி அமையவிருக்கும் ஆழத்தில் ஓரடிச் சதுரத்துக்கு ஒரு சிறு குழி எடுத்து, முந்தின இரவே நீர் நிரப்பி ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதைச் சித்திரையில் செய்துவிட்டுக் கொத்தனாரிடம் கொடுக்கும் எண்ணுக்கு டெல்டாவில் மதிப்பில்லை. அதே இடத்தில் கார்த்திகையில் குழி எடுத்தால், பல ஊர்களில் நாம் நீர் ஊற்றுவதற்கு முன்பே அடியிலிருந்து ஊறி வந்து நிற்கும். நிலத்தடி நீர்மட்டம் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் வந்துவிட்டால் உறிஞ்சுகுழி கூடாது, மேடு கட்டி அதற்குள் பரவவிட வேண்டும் என்பதுதான் மேற்சொன்ன தர விதியின் நிலையும். மழைக்காலத்தில் அந்த ஆழத்துக்குக் கீழே நீர் இருக்கும் ஊர்கள் பழைய டெல்டாவில் எத்தனை என்பதை அங்கே கிணறு வைத்திருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.

கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் அமைந்த புதிய டெல்டாவில், அதாவது ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில், மதுக்கூர், பட்டுக்கோட்டை வகைச் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் இருக்கின்றன. இங்கே உறிஞ்சுகுழி வேலை செய்யும். ஆனால் மணல் மண் எவ்வளவு வேகமாக நீரை இறக்குகிறதோ, அவ்வளவு வேகமாகக் கோமியத்தின் தழைச்சத்தையும் (நைட்ரஜனையும்) நைட்ரேட்டாக மாற்றி நிலத்தடிக்குக் கொண்டு சேர்க்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியக் குடிநீர்த் தரம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அதற்கு மேற்பட்ட நீர் ஆபத்து, கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் போவதில்லை. வேதாரண்யம் பக்கத்து மணல்மேடுகளில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே உப்புநீருக்கு மேலே மழையால் மட்டும் சேர்ந்து மெல்லிய படலமாக நிற்கும் நன்னீரைத்தான் ஆழமில்லாத கிணறுகளில் இறைத்துக் குடிக்கிறார்கள். அந்த மணலில் சாணநீருக்கு உறை இறக்குவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது என்பது என் கருத்து.

களிமண்ணில் குழி நிரம்பி வழிகிறது. மணலில் கிணறு கெடுகிறது. அதனால் கொட்டகைத் தரைக் கழிவுக்குச் செப்டிக் டேங்கை நான் எந்த ஊருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதற்கு உரிய இடம் பண்ணையாட்களின் கழிவறைதான். அங்கே குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி முறையாகக் கட்டிக்கொள்ளட்டும். அந்தக் கழிவறைக் குழாயைச் சிக்கனம் கருதிச் சாணக் குழாயோடு இணைத்துவிடுவது சில இடங்களில் நடக்கிறது. இணைத்துவிட்டால் மனிதக் குடலின் நாடாப்புழு முட்டைகள் சாணநீர் வழியே தீவனப்புல்லுக்குப் போய், புல்லிலிருந்து மாட்டுக்குப் போகும். அதன் பிறகு அந்த நீரை நிலத்துக்குப் பாய்ச்சும் வழி அடைபட்டுவிடும்.

கட்டியே தீர வேண்டிய நிலையில் இருப்பவர் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. மழைக்காலத்தில் தொட்டியை முழுவதும் காலி செய்தால், சுற்றியுள்ள ஊற்றுநீர் அதை அடியிலிருந்து தூக்கி மேலே கிளப்பிவிடலாம். அடைப்பு எடுக்கப் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; மூடிய சாணத் தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்க்கும், காப்பாற்றக் குதித்தவரையும் சேர்த்துக் கொல்லும்.

வடிகால் வாய்க்காலில் விட்டுவிடுவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. பெரும்பாலோர் செய்வது அதுதான் என்றாலும், 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் அணை மூடப்பட்டு ஜூன் 12-இல் திறக்கப்படும் வரை, அந்த வாய்க்கால்களில் ஓட்டமே இருப்பதில்லை. விட்ட நீர் விட்ட இடத்திலேயே ஆகாயத்தாமரைக்கு அடியில் நாறும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு முட்டையிடுவது இத்தகைய அழுக்கு நீரில்தான். அந்த நோயைப் பல தலைமுறை கண்ட கும்பகோணம் பக்கத்தாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கோபர் கேஸ் கழிவுநீரைத் தீர்க்குமா

கழிவுநீர்த் தொல்லைக்குச் சாண எரிவாயுக் கலனே தீர்வு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சாணத்துக்குத் தீர்வு, தண்ணீருக்கு அன்று. கலனில் ஒரு பங்கு சாணத்துக்கு ஒரு பங்கு நீர் கரைக்க வேண்டும். பத்து மாட்டின் 150 கிலோ சாணம் முழுவதையும் போட்டாலும் அது 150 லிட்டர் நீரைத்தான் ஏற்கும். மீதி 450 லிட்டர் வெளியேதான் நிற்கும். அதையும் சேர்த்து ஊற்றினால் கரைசல் நீர்த்து, தமிழ்நாட்டு வெப்பத்துக்கு வேண்டிய முப்பது நாள் தங்கலுக்கு முன்பே வெளியே தள்ளப்பட்டு, எரிவாயு குறையும். இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே போன 300 லிட்டரில் ஏறத்தாழ அத்தனையும் கரைசலாக வெளியே வருகிறது. அதன் நாற்றம் குறைந்திருக்கும், ஈ மொய்ப்பது குறைந்திருக்கும், களைவிதைகளும் பெரும்பாலும் செத்திருக்கும். ஆனால் தழைச்சத்து அப்படியே இருக்கும். ஆகவே கலன் வைத்தவருக்கும் கரைசலை வைக்க இடமும், பாய்ச்ச நிலமும் வேண்டும்.

25 கிலோ சாணத்துக்கு ஒரு கனமீட்டர் எரிவாயு என்பது கைக்கணக்கு. ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு 2 கனமீட்டர் கலன், அதாவது 50 கிலோ சாணம், போதுமானது. 150 கிலோவையும் போட்டு 6 கனமீட்டர் எடுப்பவர், பால் காய்ச்சவோ தீவனம் வேகவைக்கவோ தீவனம் நறுக்கும் எந்திரத்தை ஓட்டவோ வழி வைத்திராவிட்டால், மிஞ்சும் மீத்தேனைக் காற்றில்தான் விட வேண்டியிருக்கும். மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது என்பதால், அதற்கு எருக்குழியே மேல். குடும்பத் தேவைக்கு ஏற்ற சிறிய கலனை வைத்துக்கொண்டு மீதிச் சாணத்தை எருவாக்குவது, கலனை வேண்டாம் என்பதைவிடவும், பெரிதாகக் கட்டுவதைவிடவும் நல்லது.

எந்த வகைக் கலன் என்பதையும் மண்தான் சொல்கிறது. 1984-இல் வந்த தீனபந்து போன்ற நிலையான குவிமாட வகை, செலவு குறைவு என்பதால் நாடெங்கும் பரவியது. அது முழுக்க மண்ணுக்குள் இருப்பது. வெடித்து ஊதும் களிமண் ஆண்டுதோறும் அதன் தோளை நெருக்கும்போது விரிசல் கண்டு வாயு கசியும். கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மிதவை உருளை வகைக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் வாயுவைத் தாங்குவது தனியான உருளை. நாகை, வேதாரண்யம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பு உருளையைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும் என்பதால் ஃபைபர் உருளையே தக்கது. தரைக்கு மேலே வைக்கக்கூடிய முழு ஃபைபர் கலன்களும், தடித்த பைகளாக வரும் கலன்களும் இப்போது கிடைக்கின்றன. நீர்மட்டம் மேலே இருக்கும் ஊருக்கு அவை பொருந்தும். பையை மட்டும் வெயிலிலிருந்தும் எலியிடமிருந்தும் காக்க வேண்டும்.

படியவிட்டுப் பாய்ச்சுதல்

நிலம் இருப்பவருக்கு என் முதல் தெரிவு இதுதான். வழித்தெடுத்த சாணம் எருக்குழிக்கோ கலனுக்கோ போகிறது. கோமியமும் கழுவுநீரும் ஓர் இரும்பு வலையைத் தாண்டி, நடுவே தடுப்புள்ள இரண்டறைத் தொட்டிக்குள் வந்து ஓரிரு நாள் தங்குகின்றன. மேலே மிதக்கும் நாரை வாரம் ஒருமுறை வாரி எருக்குழியில் போட்டுவிட்டு, தெளிந்ததைத் தீவனப் பாத்திக்கு விடுகிறோம். தொட்டிக்கு மூடி தேவை, ஆனால் கழற்றக்கூடிய மூடியாக இருக்க வேண்டும்; கான்கிரீட்டால் அடைத்து மறந்துவிடும் தொட்டி இரண்டாம் ஆண்டில் செப்டிக் டேங்காகிவிடும்.

எவ்வளவு நிலம் வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உள்ளன. 600 லிட்டர் நீரை ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, நிலத்தில் பரப்பினால் அரை மில்லிமீட்டர்கூட நிற்காது. நீரைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு மாவே அதிகம். கோமியத்தின் தழைச்சத்தைக் கொண்டு கணக்கிட்டால் கதை மாறுகிறது. பத்து மாட்டின் கோமியத்தில் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு 45 கிலோ யூரியா மூட்டையின் தழைச்சத்து இருக்கிறது. காற்றில் அம்மோனியாவாகப் போவது போக மீதியை ஆண்டு முழுவதும் ஒரே மாவில் கொட்டினால் பயிரால் எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டிலிருந்து மூன்று மா வரை, அதாவது ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு முதல் ஓர் ஏக்கர் வரை வேண்டும். பிரித்துப் பாய்ச்ச முடியாமல் கொட்டகைக்கு அருகிலிருக்கும் ஒரே பாத்திக்கே தினமும் போகிறது என்பதுதான் நடைமுறையில் காணும் பெரிய குறை.

பயிருக்கு முதலிடம் கம்பு நேப்பியர் தீவனப்புல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 4, கோ 5 ரகங்கள் 45 நாளுக்கு ஒருமுறை அறுவடைக்கு வந்து, கொடுக்கும் தழைச்சத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பாய்ச்சுவதை அறுத்த பிறகு வரும் முதல் இரண்டு வாரங்களோடு முடித்துக்கொள்ள வேண்டும். அறுப்பதற்கு முந்தின நாள் வரை ஊற்றிக்கொண்டிருந்தால் புல்லில் நைட்ரேட் மிகுந்து மாட்டுக்கே நஞ்சாகும். நேப்பியர் தேங்கும் நீரைத் தாங்காது என்பதால், தாழ்ந்த மூலையில் எருமைப்புல்லைப் போட்டு வைப்பது பயனளிக்கும். அது சேற்றிலும் தழைக்கும். படுகை மண்ணில் வாழை வைத்திருப்பவரும், பட்டுக்கோட்டைப் பக்கம் கஜா புயலுக்குப் பிறகு தென்னையை மீண்டும் நட்டு வளர்த்திருப்பவரும் மரத்தடிப் பாத்திகளுக்கு மாற்றி மாற்றி விடலாம்.

நெல்லுக்கு விடுவதைப் பற்றி எச்சரிக்கை தேவை. பசுமையாகக் காட்டிவிட்டுக் கடைசியில் சாய்ந்துவிடும் பயிரை மடை வாயில் உள்ள முதல் வயலில் பலரும் கண்டிருப்பார்கள். மிகையான தழைச்சத்து புகையான் பூச்சியையும் குலைநோயையும் அழைத்து வருகிறது, சம்பா அறுவடையில் கருக்காய் கூடுகிறது. அறுவடைக்கு முன் தெளிக்கும் உளுந்துக்கோ பயறுக்கோ இந்த நீர் தேவையே இல்லை, கொடி ஓடுமே தவிரக் காய் பிடிக்காது. நெல் வயலில் விட நினைப்பவர், மாசி முதல் வைகாசி வரை தரிசாகக் கிடக்கும் காலத்தில் பல வயல்களுக்குப் பரப்பிவிட்டு, குறுவைக்கு இடும் அடியுரத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியின் பலவீனமும் ஐப்பசிதான். ஊறிய நிலத்தில் விட்டால் நேராக வடிகாலுக்குத்தான் ஓடும். எனவே ஒன்றரை மாதத்துக்கான நீரைத் தேக்கிவைக்க இடம் வேண்டும். நாளுக்கு 600 லிட்டர் என்றால் 45 நாளைக்கு 27 கனமீட்டர். பின்னால் சொல்லப்போகும்படி வழித்துக் கழுவி அதைப் பாதியாகக் குறைத்தால் பதின்மூன்றரை, அதாவது மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீராழம். இதைப் பள்ளமாகத் தோண்டித் தார்ப்பாய் விரிப்பது மலிவு என்று தோன்றும். கார்த்திகையில் அடியிலிருந்து ஏறும் ஊற்றுநீர், காலியாக இருக்கும் குழியின் பாயைப் பலூன்போல உப்பவைத்து மேலே தள்ளிவிடும். மேட்டுத் திடலில் பாதிக்கு மேல் தரைக்கு மேலே நிற்கும்படி செங்கல் தொட்டியாகக் கட்டி, மேலே ஒரு தகரக் கூரையும் போட்டுவிடுவது செலவானாலும் நிலைக்கும். கூரை ஆடம்பரம் அன்று: ஒன்பது சதுரமீட்டர் திறந்த தொட்டியில் பருவம் முழுவதுமாக 800 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஏழு கனமீட்டருக்கு மேல், கொள்ளளவில் பாதியை, மழையே எடுத்துக்கொள்ளும்.

கல்வாழைப் படுகை

வண்டல் படிந்த நீரை அரை மீட்டருக்குச் சற்று கூடுதலான ஆழமுள்ள ஜல்லிப் படுகையில் கிடையாக ஓடவிட்டு, கல்வாழை, சம்பு போன்றவற்றின் வேர்களுக்கு நடுவே அழுக்கைச் சிதையவைக்கும் முறை இது. நிலமில்லாதவருக்கு, குறிப்பாக ஊருக்குள் வீட்டுக் கொல்லையில் மாடு வைத்திருப்பவருக்கு, இது நல்ல துணை. பத்து மாட்டுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து சதுரமீட்டர் வரை வேண்டியிருக்கும். டெல்டாவில் பாறையே இல்லை என்பதால் ஜல்லி முழுவதும் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களிலிருந்து லாரியில் வர வேண்டும். செலவில் பெரும்பங்கு அதற்குத்தான். நார் உள்ளே போனால் படுகை அடைத்துக்கொள்ளும், அதைத் தோண்டிக் கழுவுவது சாமானிய வேலை அன்று. வெளிவரும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் அதில் தழைச்சத்து மிஞ்சியிருக்கும். வீட்டுத் தோட்டத்துக்கோ மீன் குட்டைக்கோ அளவாக விடலாமே தவிர, அது சுத்தமான நீர் என்று வாய்க்காலில் திறந்துவிடக் கூடாது.

செலவில்லாத பாதி

நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும், அதன் அளவைப் பாதியாக்கும் இரண்டு வேலைகள் உண்டு. கழுவுவதற்கு முன்பு, அகலத் தகரம் பொருத்திய கட்டையால் சாணத்தை வழித்து அள்ளிவிட்டு, துடைப்பத்தால் ஒருமுறை கூட்டிவிட்டால், 500 லிட்டர் கழுவுநீர் 200 ஆகிறது. கறவை முடிந்து பால் கேனை அலசும் முதல் தண்ணீரைக் கழுநீர்த் தொட்டியில் சேர்த்து மாட்டுக்கே வைத்துவிட்டால் பால் கலந்த நீர் குழாய்க்கு வருவதே குறைந்துவிடும். சோப்பு போட்ட இரண்டாவது அலசலை மட்டும் வெளியே விட்டால் போதும்.

மற்றது மழைநீர். நூறு சதுரமீட்டர் கூரையிலும் முற்றத்திலும் 100 மில்லிமீட்டர் மழை ஒரே நாளில் விழுந்தால் பத்தாயிரம் லிட்டர். வடகிழக்குப் பருவத்தில் டெல்டாக் கரையோரம் அப்படி ஒரு நாள் வருவது அபூர்வம் அன்று. வழித்துக் கழுவும் பண்ணையின் ஒரு மாதக் கழிவுநீரை விட அது கூடுதல். அந்த மழைநீர் சாணம் மிதித்த தரை வழியே தொட்டிக்குள் இறங்கினால் எந்தத் தொட்டியும் தாங்காது. கூரை விளிம்பில் தகரத் தாழ்வாரம் கட்டி மழைநீரைத் தனியே குட்டைக்குத் திருப்பிவிட ஆகும் செலவு, மேற்சொன்ன எந்தக் கட்டுமானத்தையும் விடக் குறைவு. பார்வையிட வருபவர்களிடம் எரிவாயுக் கலனை ஆர்வத்தோடு காட்டும் பண்ணைகளில்கூட இந்தத் தாழ்வாரம் பெரும்பாலும் இருப்பதில்லை.

யாருக்கு எது

இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர் எதையும் கட்ட வேண்டாம். வழித்தெடுத்த சாணம், கோமியத்தை உறிஞ்சும் வைக்கோல் கழிவு, இலைதழை, தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றை மேடான எருக்குழியில் போட்டு, மழையில் கரையாமல் கீற்று வேய்ந்துவிட்டால் போதும். டெல்டாவின் நாட்டு இனமான உம்பளச்சேரி மாடுகளை மேய்ச்சலில் வளர்ப்பவர்களுக்கும் இதுவே. பகலில் போடும் சாணம் மேய்ச்சல் நிலத்திலேயே விழுந்துவிடுகிறது.

ஐந்து முதல் பதினைந்து மாடு, கையில் இரண்டு மூன்று மா தீவன நிலம் என்ற நிலையில், படியவிட்டுப் பாய்ச்சும் வழியும் குடும்பத்துக்கு ஏற்ற சிறிய கலனும் சேர்ந்த அமைப்பையே சொல்வேன். களிமண் ஊரில் தேக்கத் தொட்டிக்கு முதலிடம் கொடுத்து, பணம் மிஞ்சினால் கலனுக்குப் போகலாம். புதிய டெல்டாவில் தொட்டி சிறிதாக இருந்தாலும் சமாளிக்கலாம், ஏனெனில் மழை விட்ட நான்காம் நாள் மண் மீண்டும் நீரை ஏற்கும். அங்கே கவலைப்பட வேண்டியது போர்வெல்லைப் பற்றித்தான், எனவே ஒரே பாத்தியில் கொட்டாமல் பரப்ப வேண்டும். நிலமே இல்லாதவர் கல்வாழைப் படுகைக்குச் செலவிடுவதற்கு முன்பு, தெளிந்த நீரை வாரத்துக்கு இரண்டு டேங்கர் எடுத்துக்கொள்ளும் வாழைக்காரரோ தென்னந்தோப்புக்காரரோ பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துவிடுவது நல்லது.

இருபதுக்கு மேல் போகிறவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பால் பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்குமான வழிகாட்டு நெறிகளை மத்திய வாரியம் 2020-இல் வெளியிட்டது. சாணத்தையும் கழுவுநீரையும் வடிகாலில் விடக் கூடாது என்பது அதன் அடிப்படை. கொட்டகைக்கு வரைபடம் போடும்போதே மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது, கட்டி முடித்த பிறகு இடிப்பதைவிட எளிது. வேலையைத் தொடங்கும் காலம் தை அறுவடை முடிந்து மேட்டூர் திறக்கும் வரை உள்ள இடைவெளி. மண் காய்ந்திருக்கும், லாரி கொல்லை வரை வரும், கட்டிய தொட்டிக்கு ஐப்பசிக்குள் நீர் நிரப்பிக் கசிவு பார்க்கவும் நாள் கிடைக்கும். இடத்தைக் குறிக்கும் முன்பு, சென்ற கார்த்திகையில் அந்த இடத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு, அந்த மட்டத்துக்கு ஓரடி மேலே தொட்டியின் விளிம்பு வரும்படி கொத்தனாருக்குச் சொல்லிவிட வேண்டும்.